வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குள்

பேகம்பூரில் தோல் பதனிடும் எங்கள் தோல்ஷாப்பில் தோல் அண்ணன் பொறுப்பு. கம்ப்யூட்டர் என் பொறுப்பு. அந்த வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குள் சென்னையில் ஒரு செருப்புக் கம்பெனிக்குச் சாம்பிள் தோலின் படங்களும் லேப் ரிப்போர்ட்டும் போய்ச் சேர வேண்டும். ஆபீஸ் மெயிலிலிருந்துதான் வர வேண்டும், ஒரு மணி தாண்டினால் பார்க்க மாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். அண்ணன் மூன்று மாதம் நடையாய் நடந்து வாங்கிய வாய்ப்பு.

பதினோரு மணிக்கு அனுப்பினேன். மெயில் போவதைக் காட்டும் கோடு பாதிவரை ஊர்ந்து நின்றது. கொஞ்ச நேரத்தில், சர்வர் பதில் தரவில்லை, நேரம் கடந்துவிட்டது என்று ஒரு பெட்டி. மறுபடி அழுத்தினேன். மறுபடி அதே பெட்டி. ஐந்தாவது தடவை வாய்விட்டே திட்டினேன். 'டெஸ்ட்' என்று மட்டும் எழுதி அனுப்பினால் அது சிட்டாய்ப் பறக்கிறது. அதுதான் எரிச்சலைக் கூட்டியது.

நெட் லைன்காரர் எரியோட்டில் வேலையாக இருந்தார். என்னைவிட மூத்தவர், ஆனாலும் அக்கா என்பார். போனிலேயே பிடித்து உலுக்கினேன்.

"லைன் நல்லாத்தான்க்கா இருக்கு. அந்த ஆன்டிவைரஸ செத்த நேரம் ஆஃப் பண்ணிட்டு அனுப்பிப் பாருங்க."

"அதத் தொடுற வேலயே வேணாம். மொதல்ல உங்க லைனப் பாருங்க" என்று வைத்துவிட்டேன்.

அது நான் வாங்கிய சாமான். போன வருடம் வைரஸ் வந்து ஃபைல்களையெல்லாம் நாசமாக்கிய பிறகு, "எதுக்கும்மா இதெல்லாம்" என்ற அண்ணனோடு ஒரு வாரம் மல்லுக்கட்டி வாங்கியது. அதில் கோளாறு என்று லைன்காரர் சொல்லி நான் கேட்பதா?

பன்னிரண்டரைக்கு எல்லோரும் ஜும்மாவுக்குக் கிளம்பினார்கள். அண்ணன் தொப்பியோடு எட்டிப் பார்த்தார்.

"போயிருச்சாம்மா?"

"போயிரும்ணே. நீங்க கெளம்புங்க."

தனியாக உட்கார்ந்து மோடத்தை அணைத்துப் போட்டேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். பாஸ்வேர்டை மாற்றினேன். அழுகையே வந்துவிட்டது. ஒன்றேகாலுக்கு வீம்பை விட்டு ஆன்டிவைரஸைத் திறந்தேன். உள்ளே எங்கோ ஒரு மூலையில், அனுப்பும் மெயில்களையும் சோதிக்கச் சொல்லும் ஒரு கட்டம். அதில் ஒரு டிக். என் மெயிலை நடுவில் மடக்கி வைத்துச் சோதித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அவ்வளவு படங்களையும் ரிப்போர்ட்டையும் அது பார்த்து முடிப்பதற்குள், அந்தப் பக்கம் சர்வர் காத்திருந்து சலித்துக் கதவைச் சாத்தியிருக்கிறது. டிக்கை எடுத்தேன். இருபது விநாடியில் மெயில் போய்விட்டது.

நேரம் முடிந்துவிட்டது, அடுத்த முறை பார்க்கலாம் என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அண்ணன் தொழுதுவிட்டு வந்து அதைப் படித்தார். "அந்த லைன்காரன இன்னைக்கு விடப்போறதில்ல" என்று போனை எடுத்தார்.

"அவரு மேல தப்பு இல்லண்ணே. அவரு அப்பவே சொன்னாரு. நாந்தான் கேக்கல" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஆன்டிவைரஸ் இன்னும் திறந்தே கிடந்தது. அதில் பச்சை நிறத்தில், நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தது. அண்ணன் குனிந்து அதைப் படித்தார். பிறகு, நிஜமாகவே தெரியாமல் கேட்பவர்போலக் கேட்டார்.

"யாருகிட்டருந்தும்மா?"