சுவரில் இருந்த வில்லங்கம்

எனக்கு வாலாஜாபாத்தில் டீச்சர் வேலை கிடைத்ததும், உத்திரமேரூர் வீட்டை விற்றுவிட்டு அங்கேயே ஒரு வீடு வாங்குவது என்று அப்பா முடிவு செய்தார். அவசரப்பட்டு அங்கே அச்சாரமும் கொடுத்துவிட்டார். தை முடிவதற்குள் இந்த வீடு விலைபோகாவிட்டால் அச்சாரம் அம்போ. அச்சாரத்தை விடுவதற்குப் பதில் ஒரு கையை விட்டுவிடுவார் அப்பா. நான் தாவணி போட்ட பிறகும் எனக்கு அரை டிக்கெட் கேட்டு பஸ் கண்டக்டர்களிடம் மல்லுக்கட்டியவர் அவர்.

வாங்க வந்தவர் ஒரு மளிகைக் கடைக்காரர். உத்தரத்தைத் தட்டிப் பார்த்தார். சுவரை ஆணியால் சுரண்டினார். கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுக் கொப்பளித்தார். வில்லங்கம் ஏதாவது உண்டா என்று கேட்டார். ஒன்றும் கிடையாது என்றார் அப்பா. பிறகு உள்ளறைக்குப் போன கடைக்காரர், சுவரில் மஞ்சள் பூசி மூன்று குங்குமப் பொட்டு வைத்திருந்ததைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது இன்னாங்க?"

"பூவாடைக்காரி."

சுமங்கலியாகச் செத்துப்போன பெண்ணை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் வீட்டோடு வைத்துக் கும்பிடுவோம்.

"யாரு?"

"என் சம்சாரம்."

கடைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். "உங்க வூட்டம்மாவ வெச்சிக்கினு நான் எப்டிங்க குடித்தனம் பண்றது? அவங்கள கூட்டிக்கினு போங்க. அப்பால பத்திரம்."

அப்பா சிக்கனமான வழியைப் பிடித்தார். நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் பார்த்து, தானே அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் ரத்தமாகச் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கிற எல்லாப் பெண்களுக்கும் தெரியும். அதை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவள் சுவரில் இருந்தாள். மறுநாள் வந்த கடைக்காரர் உள்ளறையை எட்டிப் பார்த்தார். "அம்மா கோவமா கீறாங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார்.

வேறு வழியில்லாமல் பம்பைக்காரரை அழைத்தோம். அவர் கலசத்தில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, வேப்பிலை செருகி, சுவரில் ஒரு சாமந்திப் பூவை ஒட்டினார். பூ விழுந்தால், அம்மா கலசத்துக்குள் வரச் சம்மதம் என்று அர்த்தம். பம்பையை அடித்துப் பாடினார். வர்ணித்தார். கெஞ்சினார். உச்சிவெயிலே வந்துவிட்டது, பூ அசையவில்லை.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பம்பையை நிறுத்தச் சொன்னார். சுவரைப் பார்த்து, "அங்க அடுப்பாங்கரையில பொகபோக்கி கீது. கல்யாணமான நாள்லேர்ந்து கேட்டுக்கினு இருந்தியே, அதான். வரியா, இன்னா?" என்றார்.

அம்மா புகையில் இருமிக்கொண்டே சமைத்தது எனக்கு ஞாபகம் வந்தது. பூ விழுந்தது. தான் பாடிய பாட்டுக்குத்தான் விழுந்தது என்றார் பம்பைக்காரர்.

கடைக்காரருக்குப் பத்திரம் முடிந்ததும் வாலாஜாபாத் பஸ் ஏறினோம். கலசத்தை அப்பா மடியில் வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவே சீட்டில் உட்காரவைத்தார்.

"ரெண்டா சார்?" என்றார் கண்டக்டர்.

"மூணு."

கண்டக்டர் கலசத்தைப் பார்த்தார். "சாமிக்கெல்லாம் டிக்கெட் கெடையாது சார்."

"சாமி இல்லப்பா, என் சம்சாரம்" என்றார் அப்பா. "முழு டிக்கெட்டாவே குடு."