இன்சூரன்ஸ் தேதியைச் சொல்லக் கூப்பிடும் அக்கா

எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. உடன்பிறந்தவன் என்று நான் ஒருவன்தான் இருப்பதால் இந்த மலரில் நானே எழுதுகிறேன்.

அக்கா செட்டியார்பட்டியில் பிறந்தார். அப்பா தவறியதும் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் வாகன இன்சூரன்சும் ஆர்.சி. வேலையும் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தார். என்னைப் படிக்கவைத்துப் போலீஸ் வேலைக்கு அனுப்பினார். தமக்கொரு கல்யாணம் பற்றி வாய் திறக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அம்மாவும் போன பிறகு ராஜபாளையத்தில் வாடகை வீட்டில் தனியாக இருந்தார்.

பாலிசி முடியும் முன்பே வண்டிக்காரர்களைக் கூப்பிட்டு ஞாபகப்படுத்துவது அவர் வேலை. மெசேஜ் போதும் என்று முதலாளி சொன்னாலும் கேட்கமாட்டார். "மெசேஜை யாரு படிக்கா? கூப்பிட்டாத்தான் ஆளு நல்லாருக்காவளான்னு தெரியும்" என்பார்.

என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார். மற்ற நாளில் கூப்பிட்டால், "டூட்டியில இருக்கேன், பொறவு பேசுதேன்" என்று வைத்துவிடுவேன். என் வண்டியின் இன்சூரன்ஸ் முடியும் மாதத்தில் மட்டும் தவறாமல் எடுப்பேன். ஆகவே அந்த மாதத்தில் நாலைந்து முறை கூப்பிடுவார். முதலில் தேதி, அடுத்து வண்டி போட்டோ, பிறகு நாமினி பெயர். ஒவ்வொரு முறையும் பேச்சு பிள்ளைகள், சாப்பாடு என்று நீளும். எனக்கு எரிச்சலாக வரும்.

கடைசியாக, நான் வேலை பார்க்கும் கோயம்புத்தூரிலேயே மூன்று வருடத்துக்குச் சேர்த்துப் பாலிசி போட்டுவிட்டு, பெரிய உபகாரம் செய்த நினைப்பில் அக்காவைக் கூப்பிட்டேன்.

"இனிமே மூணு வருசத்துக்கு ஒனக்குத் தொந்தரவு இல்லக்கா."



"அப்படியா தம்பி? நல்லதுதான். பேப்பரைப் பத்திரமா வச்சுக்கோ."

அதன் பிறகு அக்கா கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. எட்டு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டார்தான் கூப்பிட்டார்கள். நெஞ்சுவலி. நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியாது. எல்லோரும் அக்கா போனில் பேசிப் பழகியவர்கள். மகாராஜபுரத்து அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"எங்க வீட்டுக்காரர் போன பொறவு வண்டியை எம்பேருக்கு மாத்திக் குடுத்தது அவியதான். அந்த வேலை முடிஞ்சு ரெண்டு வருசமாச்சு. ஆனாலும் வாராவாரம் கூப்பிடுவாவ. 'என்ன விசயம்க்கா'ன்னு கேட்டா, 'சும்மாதான்'பாவ."

என்னிடம் ஒருநாளும் அக்கா சும்மா கூப்பிட்டதாகச் சொன்னதில்லை. சொல்லும்படி நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பக்கத்து வீட்டாருக்கும், காரியம் முடியும்வரை அலுவலகத்தை அடைத்துவிட்டு உடனிருந்த முதலாளிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சும்மாதான் என்று அக்கா சொன்ன பிறகும் போனை வைத்துவிடாமல் பேசிக்கொண்டிருந்த உங்கள் எல்லோரையும், பேசாத தம்பி கைகூப்பி வணங்குகிறேன்.