குணாளன் சார் வெட்டிவிட்ட காட்சி

மூடிய கூடத்தில் தேங்கிய பவுடர் வாசனையும் வியர்வையும் கலந்து எங்கிருந்து வந்தாலும் இன்றும் மூக்கைப் பொத்திக்கொள்வேன். அது குணாளன் சாரின் வாசனை. பாகூர்ப் பக்கத்துக்காரரான அவர், சென்னைக்குப் போய்ப் பல வருடம் சினிமாவில் பிணமாகவும் போலீஸ்காரராகவும் தலைகாட்டிவிட்டு, கடைசியில் ஒரு தொலைக்காட்சித் தொடரில் ஊருக்கே நியாயம் சொல்லும் பெரியப்பாவாக வந்து பேர் வாங்கியவர். படப்பிடிப்பு இல்லாத ஞாயிறுகளில் வில்லியனூரில் ஒரு வாடகைக் கூடத்தில் பிள்ளைகளுக்கு நாடகம் கற்றுக்கொடுத்தார். எனக்குப் பதினோரு வயதான கோடை விடுமுறையில், கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அம்மா, "வூட்டுல சும்மா கெடக்காத, நாலு பேர் முன்னாடி பேசக் கத்துக்கடி" என்று என்னை அங்கே சேர்த்துவிட்டாள்.

கற்றுக்கொடுத்தார் என்பது பெரிய வார்த்தை. ஒவ்வொருவராக நடுவில் நிறுத்தி, வீட்டில் நடந்த, வெளியே சொல்லாத ஒன்றைச் சொல்ல வைப்பார். அழுகை வராவிட்டால், "இன்னாடா, மரக்கட்டையா நீ?" என்று எல்லோரையும் சிரிக்க வைப்பார். அழுதால் கைதட்டி, நோட்டில் எழுதிக்கொள்வார். அந்த நோட்டில் ஏற நாங்கள் போட்டி போட்டோம்.

என் முறையும் வந்தது. அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடித்த ஒரு மத்தியானம், அவள் என்னை மூலக்குளம் பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிப்போய், "இங்கயே நில்லுடி, பிஸ்கட் வாங்கினு வரேன்" என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். பொழுது சாய்வதற்குள் எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். யாரிடமும் சொல்லாதே என்று அவள் கெஞ்சியதை, இருபது பிள்ளைகளுக்கு முன்னால் தேம்பித் தேம்பிச் சொன்னேன். சார் எழுந்து நின்று கைதட்டினார்.

சில வாரத்தில், நோட்டில் ஏறிய அது அவருடைய தொடரில் வந்தது. அதே பஸ் நிறுத்தம், அதே பிஸ்கட். ஆனால் அந்தத் தாய் திரும்பவே இல்லை. தவித்து நின்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "இவ தாயே இல்ல, பேய்!" என்று பெரியப்பா கண்ணீர் விட்டார். வகுப்புப் பிள்ளைகள் நான் அழுது சொன்னதை அவரவர் வீட்டில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்; மறுநாள் கம்பெனி வேனில் அம்மா ஏறியதும் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்களாம்.

"நீயாடி சொன்ன?" என்றாள். தலையாட்டினேன். அவள் அடிக்கவில்லை, அடித்திருந்தால் தேவலாம்.

அந்த ஞாயிறு என்னை இழுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். "சார், நான் திரும்பி வந்தேனே, அத இன்னாத்துக்கு வுட்டீங்க?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை.

"கதைக்கு அது தேவைப்படலம்மா" என்றார் சார், சிரித்தபடி. "உன் பொண்ணுக்கு அழுகை நல்லா வருது. பெரிய ஆளா வருவா." என் தலையைத் தடவ வந்த கையை அம்மா தட்டிவிட்டாள். "இனிமே எவன் கைதட்டுனாலும் அழாதடி" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அந்தக் கூடம் இப்போது இல்லை. அங்கே ஒரு பைக் ஷோரூம் நிற்கிறது. குணாளன் சாரும் போன வருடம் போய்விட்டார். ஊர்ச் சுவரெல்லாம் "கலையுலகத் தந்தை" என்று போஸ்டர் ஒட்டினார்கள். பழைய மாணவர்கள் நினைவு மலர் போடுகிறோம், நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். இதையேதான் எழுதி அனுப்பினேன். இடமில்லை என்று பதில் வந்தது.