காட்டேரியில் குடித்த தண்ணீர்

எனக்கு நோய் வந்தது வாட்ஸப் வழியாக. அதுவரை நன்றாகத்தான் இருந்தேன்.

கோவையில் வேலை பார்க்கும் கவிதா ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவள் என் அண்ணன் மகள். படத்தில் நரைத்த முடியும் பளிச்சென்ற பற்களுமாக ஒரு கணவனும் மனைவியும் கைகோத்துப் புல்வெளியில் ஓடிக்கொண்டிருந்தார்கள். ‘நாற்பதைத் தாண்டிய தம்பதியருக்கு முழு உடல் பரிசோதனை.’ அதற்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: “சித்தப்பா, உங்களுக்கும் சித்திக்கும் புக் பண்ணிட்டேன். போகலைன்னா உங்ககூடப் பேச மாட்டேன்.”

அவளிடம் வாதாட எனக்கு வாயில்லை. அவள் அப்பா இரண்டு சிறுநீரகமும் சுருங்கி ஐம்பத்தொரு வயதில் போய்ச் சேர்ந்தார். கால் வீங்கித்தான் நோய் தெரிந்தது. தெரிந்தபோது கதை முடியும் தறுவாயில் இருந்தது. டயாலிசிஸுக்கு (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிப்பது) அவரைத் தாங்கிப் பிடித்து அழைத்துப் போனவர்கள் நானும் கவிதாவும். எனக்கு இப்போது நாற்பத்தொன்பது. அண்ணனுக்கும் எனக்கும் ஒரே மூக்கு, ஒரே வழுக்கை. உள்ளே இருப்பவையும் ஒரே மாதிரி இருந்துவிட்டால்? அவள் பயம் அதுதான். என் பயமும் அதுதான். நான் அதன்மேல் இரண்டு ஜோக்கைப் போட்டு மூடி வைத்திருந்தேன்.

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் நான் டீ மேக்கர். அரைபட்ட இலை பச்சை மாறிச் செம்பு நிறத்துக்கு வருகிற நேரம் ஒன்று உண்டு. அப்போது மூக்குதான் எங்களுக்குக் கடிகாரம். கொஞ்சம் அசந்தால் வாசனை ஓடிவிடும். அந்த நேரத்தில் டீ மேக்கர் இடத்தை விட்டு நகர மாட்டான். ஆகவே ஒன்றுக்கு அடக்குவதில் எங்கள் கூட்டத்தை யாரும் மிஞ்ச முடியாது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையே உண்டு. பெருமைப்பட வேறெதுவும் கைவசம் இல்லை.

என் மனைவி தனலட்சுமிக்கும் சேர்த்துத்தான் சீட்டு. ஆனால் அவள் தன் பாதியைத் தள்ளிப் போட்டாள். “ரெண்டு பேரும் வெறும் வயித்தோட போனா வண்டியிலயே சண்டை வந்துருமுங்க. மொதல்ல நீங்க பாருங்க” என்று துணைக்கு மட்டும் வந்தாள், இட்லி டப்பாவுடன்.

மருத்துவமனை இருப்பது கீழே, மேட்டுப்பாளையம் தாண்டி. காலை எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கலாம். வயிற்று ஸ்கேனுக்கு முன்னால் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீர் கழிக்காமல் வரவேண்டும். இப்படி எழுதி அனுப்பியிருந்தார்கள். எழுதியவர் சமவெளிக்காரர். ஆட்டோவில் வருகிறவர்களை நினைத்து எழுதியிருப்பார். நான் மலைக்காரன், கொண்டை ஊசி வளைவுகளை வைத்துக் கணக்குப் போட்டேன். வழியில் காட்டேரி என்கிற ஊரில் குடிக்க ஆரம்பித்தால் ஸ்கேன் மேசையில் ஏறும்போது சரியாக நிரம்பியிருக்கும் என்று தீர்மானித்துப் பெரிய பாட்டிலைக் காலி செய்தேன். போதுமா போதாதா என்ற சந்தேகத்தில் தனத்தின் பாட்டிலையும் முடித்தேன்.

இறக்கத்தில், பர்லியார் கிராமத்துக்கு மேலே, ரோட்டின் குறுக்கே மரம் விழுந்து கிடந்தது.

முன்னால் லாரி, பின்னால் பஸ், மேலே தூறல். மரம் அறுப்பவர்கள் வந்து, டீ குடித்து, மரத்தைச் சுற்றிப் பார்த்து, மறுபடி டீ குடித்தார்கள். மலைச்சரிவில் எங்கு பார்த்தாலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஏனுங்க, எறங்கிப் போயிட்டு வாங்க. அங்க போயி மறுக்கா குடிச்சுக்கலாம்” என்றாள் தனம், இட்லியைச் சட்னியில் தோய்த்தபடி.

“கூடாதுன்னு போட்டிருக்கான் தனம்.”

“போட்டவன் இந்த ரோட்டுல வந்திருக்கானா?”

நான் அசையவில்லை. அடக்குவதில் மன்னனல்லவா? மன்னன் மேட்டுப்பாளையம் தாண்டி வரும்வரை அரியணையிலேயே உட்கார்ந்திருந்தான்.

ஸ்கேன் எடுத்தவர் கருவியை விலாவில் அழுத்தினார். ஒருமுறை, மறுமுறை. பேசாமல் இருந்தார். மருத்துவமனையில் ஒருவர் பேசாமல் இருப்பதைப்போலக் கெட்ட வார்த்தை வேறில்லை. பிறகு என்னைக் கழிப்பறைக்கு அனுப்பி மீண்டும் பார்த்தார். வெகுநேரம் அடக்கியது திறந்தால் உடனே வருமா? வெளியே கதவைத் தட்டிக்கொண்டு வேறு ஒருவர். பாதிதான் போனது.

அறிக்கை வந்தது. இரண்டு பக்கமும் ஹைட்ரோநெஃப்ரோசிஸ் (சிறுநீர் கீழே இறங்காமல் தேங்கிச் சிறுநீரகம் வீங்குவது). கழித்த பிறகும் சிறுநீர்ப்பையில் மிச்சம் நிற்கிறது. எங்கோ அடைப்பு இருக்கலாம்.

முடிவைப் படித்துச் சொல்ல ஓர் இளம் டாக்டர் உட்கார்ந்திருந்தார். பரிசோதனை முடிந்தவர்களுக்குத் தரும் இலவசப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு அவர் முன்னால் போய் அமர்ந்தேன்.

“யூரின் எத்தனை தடவை போவீங்க?”

“சீசன்ல போறதே இல்லீங்க டாக்டர். மழை பேஞ்சு எலை கொட்டுச்சுன்னா அது ஒன்னுதான் கொட்டும்.”

அவர் சிரிக்கவில்லை, தட்டச்சு செய்தார். என் வாழ்நாளில் நான் சொன்ன எந்த ஜோக்கும் இப்படி அச்சேறியதில்லை.

“குடும்பத்துல யாருக்காவது கிட்னி பிரச்சனை?”

நான் வாயைத் திறப்பதற்குள் தனம் சொன்னாள்: “இவிங்க அண்ணனுக்குங்க. அதுலதான் போயிட்டாருங்க.”

அதன்பின் எல்லாம் வேகம். புன்னகைக்கும் தம்பதியரின் படம் போட்ட கோப்பு என் கையிலிருந்து பெரிய டாக்டர் கைக்குப் போனது. அதே வாரத்தில் சிஸ்டோஸ்கோபி (சிறுநீர்ப் பாதைக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்தார்கள். அந்த அனுபவத்தை விவரிக்க மாட்டேன். ஆண் வாசகர்கள் பத்திரிகையை மூடிவிடுவார்கள். முடிவில் பெரிய டாக்டர் சொன்னார்: “அடைப்பு எதுவும் தெரியலை. ஆனா இல்லைன்னும் சொல்ல முடியாது.” கடவுளைப் பற்றிக்கூட இவ்வளவு பத்திரமாக யாரும் பேசியதில்லை.

சிறுநீர்ப்பைக்கு ஓய்வு வேண்டுமென்று கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) போட்டு அனுப்பினார்கள். மலையேறும்போது அதன் பையை என் முழங்காலோடு பிடித்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அது ஒரு பக்கம் சாய்ந்தது. நானும் சாய்ந்தேன்.

அடுத்த சில நாட்கள் நான் நோயாளியாக இருக்கக் கற்றுக்கொண்டேன். தனம் குழம்பில் உப்பைக் குறைத்தாள். ஃபேக்டரியில் என் வேலையை வேறொருவர் பார்த்தார். பார்க்க வந்தவர்கள் என் காலைத்தான் முதலில் பார்த்தார்கள், வீங்கியிருக்கிறதா என்று. அவர்கள் போனதும் நானும் பார்த்துக்கொண்டேன். கட்டைவிரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று. அண்ணன் அப்படித்தான் பார்ப்பார்.

ஒரு மாலை கவிதா பேசினாள்.

“சித்தப்பா, உங்க பிளட் குரூப்பும் என்னோடதும் ஒன்னுதான். நான் பாத்துட்டேன்.”

“எதுக்கு சாமி அதெல்லாம்?”

“சும்மா சொன்னேன். அப்பாவுக்குத்தான் என்னுது சேரலை.”

அந்தப் பெண் தன் உடம்பிலிருந்து ஒன்றை எனக்காக எடுத்து வைக்கத் தயாராகிவிட்டாள். எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பவன் நான். அன்றைக்கு ‘சாப்பிட்டியா சாமி’ என்று மட்டும் கேட்டேன்.

அதற்கு மறுநாள் குளிர் அடித்தது. குன்னூர்க் குளிர் எனக்குத் தெரியும்; இது அதுவல்ல. கட்டில் ஆடியது. பற்கள் ஒன்றோடொன்று மோதின. குழாய் வழியாக ஏறிய கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. நடந்து போய்ப் பரிசோதனைக்குப் படுத்தவனை நான்கு பேர் தூக்கிப்போய்க் குன்னூரில் ஒரு மருத்துவமனையில் படுக்க வைத்தார்கள். நோயைத் தடுக்கப் போனால் நோயே வாசலில் நின்று வரவேற்கும் என்று அந்தப் புல்வெளித் தம்பதியர் சொல்லவேயில்லை.

அங்கே பார்த்தவர் வயதான பெண் டாக்டர். நரம்பில் மருந்து ஏற்றி, காய்ச்சல் இறங்கியதும் குழாயை எடுத்தார். நான் ஒழுங்காக ஒன்றுக்குப் போய் வந்தபின் மறுபடி ஸ்கேன் எடுத்தார். திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வீக்கமே இல்லையே. அன்னிக்கு ஸ்கேனுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் அடக்கி வெச்சிருந்தீங்க?”

இவ்வளவு நாளில் யாரும் கேட்காத கேள்வி. எனக்கும் சொல்லத் தோன்றாத பதில். தனம்தான் சொன்னாள்: “காட்டேரியில குடிச்சதுங்கம்மா. பர்லியார்ல மரம் உழுந்து கெடந்துச்சு. எறங்குங்கன்னேன், இவிங்க கேக்கலீங்க.”

டாக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அடங்கச் சற்று நேரம் ஆனது. சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி நிரம்பினால் சிறுநீர் மேலே முட்டி, சிறுநீரகமும் தற்காலிகமாக உப்பும், காலியானால் வடிந்துவிடும் என்றார். ஒழுங்காகப் போய்விட்டு வரச் சொல்லி இன்னொரு முறை பார்த்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும் விஷயம்.

பிறகு அவர் என் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். “இது கொஞ்சம் கூட இருக்கு. அன்னிக்கு ரிப்போர்ட்லயும் இருக்கு, ஸ்கேனைப் பாத்த பதட்டத்துல யாரும் கவனிக்கலை. உங்க அண்ணனுக்குப் பிரஷர் எப்போ பாத்தாங்க?”

“கால் வீங்குனதுக்கு அப்பறந்தானுங்க. அதுவரைக்கும் பாக்கவே இல்ல.”

“அதைத்தான் பாத்திருக்கணும். கிட்னியை அது சத்தமில்லாம கெடுக்கும்.”

பல நாட்கள் கழித்து மறுபடி பார்த்தபோதும் அப்படியே இருந்ததால் சின்ன மாத்திரை ஒன்று கொடுத்தார். அண்ணன் எழுந்து நடந்த காலத்தில், நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைத்திருக்கும் மாத்திரை.

ஆகவே, என் வயதில் இருந்துகொண்டு, மகனோ மகளோ அனுப்பிய படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களே: பிரஷர் பாருங்கள். சர்க்கரை பாருங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பாருங்கள். வீட்டில் யாருக்கு என்ன இருந்தது என்பதை ஒரு நல்ல டாக்டரிடம் சொல்லி, வேறென்ன தேவை என்று கேளுங்கள். மற்றபடி, தலை முதல் கால்வரை எல்லாவற்றையும் மொத்தமாகக் கிண்டிப் பார்க்கும் இந்தத் திருவிழாவின் மேல் எனக்கு இருப்பது பகைதான். அதை மறைக்கும் எண்ணமில்லை. தேடினால் எதுவாவது கிடைக்கும். கிடைத்ததைத் துரத்தினால் இன்னொன்று கிடைக்கும். துரத்தல் முடியும்போது நீங்கள் குழாயோடு உட்கார்ந்திருப்பீர்கள். டாக்டரிடம் தயவுசெய்து ஜோக் அடிக்காதீர்கள்.

மீண்டும் வேலைக்குப் போகிறேன். இலை செம்பு நிறம் ஏறும் நேரத்தில் இப்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விட்டு வருகிறேன். அந்தத் தூளைக் குடித்து யாரும் செத்ததாகத் தகவல் இல்லை. முன்பு எனக்கு உடம்பு இருப்பதே தெரியாது, இலையின் நேரம்தான் என் நேரம். இப்போது விலாவுக்குள்ளே இரண்டு பேர் உட்கார்ந்து ஓயாமல் வேலை செய்வது தெரிகிறது. அவர்கள் கூப்பிட்டால் போகிறேன். பூட்ஸைப் போடும்போது கட்டைவிரல் தானாகக் கணுக்காலை ஒருமுறை அழுத்திவிட்டுத்தான் வருகிறது. இனி அது நிற்காது போலிருக்கிறது.

போன வாரம் மருத்துவமனையிலிருந்து போன். தம்பதிச் சீட்டில் மேடத்தின் பாதி இன்னும் மிச்சம் இருக்கிறதாம். இத்தனை நாள் சேர்த்து வைத்த வசவுகளையெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டு தொண்டையைச் செருமினேன். தனம் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“வர்றேனுங்க. அந்தப் புள்ள ஆசைப்பட்டுப் போட்டது. எனக்கு எது வேணும், எது வேண்டாம்னு எங்க டாக்டரம்மா எழுதிக் குடுத்திருக்காங்க, அது மட்டும் பாத்தாப் போதும்.”

எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள்.

“அவரா? வருவாருங்க, தொணைக்கு. இட்லி டப்பாவ அவரு புடிச்சுக்குவாரு” என்றாள். என்னைப் பார்த்துக்கொண்டே சேர்த்துச் சொன்னாள்: “தண்ணி மட்டும் நான் அங்க வந்துதானுங்க குடிப்பேன்.”