ரத்தத்தில் வராத நோய்

எனக்கு வந்த நோய்க்குப் பெயர் கிடைக்க மூன்று வருடம் ஆனது. அக்காவுக்கு மூன்றே வாரம். இரண்டு பேருக்கும் ஒரே நோய்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனியில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன். கண்ணில் எந்நேரமும் மணல் விழுந்த மாதிரி உறுத்தல். எச்சில் ஊறாது; ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டும். மத்தியானத்துக்கு மேல் விரல் மூட்டெல்லாம் வலித்து, பிரஷைப் பிடிக்க முடியாது. களிமண் தூசிதான் காரணம் என்று எல்லாரும் அடித்துச் சொன்னார்கள். முதலாளி இரக்கப்பட்டு பேக்கிங்குக்கு மாற்றினார். ஆறு மாதம் ஆகியும் எதுவும் குறையவில்லை.

அந்தச் சமயத்தில் சித்தப்பா இறந்துபோனார். என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். நெஞ்சு வலிக்க அழுதேன். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று பக்கத்து ஊரான நல்லூர் வரைக்கும் பேச்சு போனது. யார் யாரிடம் போய் விளக்குவது?

மங்கலம்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட அக்காவுக்கு, கணுக்காலைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் வந்தன. காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் வீங்கியது. மாமா புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ரத்தத்தில் ஏதோ ஆன்டிபாடி இருக்கிறது, ஷோக்ரன் என்று ஒரு நோய், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீரும் எச்சிலும் சுரக்கும் சுரப்பிகளைத் தாக்குகிறது என்றார்கள். அக்காவுக்கு வாய் லேசாகத்தான் உலர்ந்தது. தண்ணீர் இல்லாமலே முறுக்குத் தின்பாள்.

நானும் அதே ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். பத்து நாள் கழித்து நெகட்டிவ் என்று வந்தது. எங்கள் ஊர் டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, எல்லாம் மனக் குழப்பம் என்று தூக்க மாத்திரை எழுதினார். வீட்டுக்காரருக்கு நிம்மதி. அக்கா சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எனக்குத்தாண்டி நெஜமா இருக்குது. ஒனக்கு வெறும் பயம்."

முறுக்குத் தின்கிறவளுக்கு நிஜம், சோறு இறங்காதவளுக்குப் பயம்! ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

ஆனாலும் அடுத்த முறை புதுச்சேரிக்குத் துணைக்கு ஆள் இல்லை என்று அவள் கூப்பிட்டபோது போனேன். அவளைப் பார்த்து முடித்ததும், அங்கிருந்த டாக்டரம்மாவிடம் என் தாளை நீட்டினேன். அவர் அதை மேசைமேல் வைத்துவிட்டு என் வாயைத் திறக்கச் சொன்னார். பிறகு கீழ் இமையில் ஒரு காகிதப் பட்டையைச் செருகினார். ஐந்து நிமிடம் ஆகியும் அது சரியாக நனையவில்லை.

"ரத்தத்துல இல்லன்னா நோயே இல்லன்னு யாரும்மா சொன்னாங்க?"

மூன்று வருடத்தில் என்னிடம் ஒருவர் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அதுதான். அவர் பொறுமையாக விளக்கினார். ஆன்டிபாடி இருப்பவர்களுக்குச் சுரப்பி வீக்கம், காலில் புள்ளி, வெள்ளை அணு குறைவது போன்றவை கூடுதலாக வரலாம். அது இல்லாதவர்களுக்கும் வறட்சி அதே அளவு இருக்கும். வலியும் அசதியும் சில நேரம் அதிகமாகவே இருக்கும். ரத்தம் சொல்லாததால் இவர்களைக் கண்டுபிடிக்கத்தான் தாமதமாகிறது.

கீழுதட்டின் உள்பக்கம் மரக்க ஊசி போட்டு, அங்கிருக்கும் எச்சில் சுரப்பியைச் சோதிக்க அரிசி அளவு சதை எடுத்தார்கள். இரண்டு வாரத்தில் எனக்கும் அதே நோய்தான் என்று அதில் உறுதியானது. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு இருவரும் பஸ்ஸில் திரும்பினோம். உளுந்தூர்பேட்டை தாண்டியதும் அக்கா, "தப்பா பேசிட்டண்டி" என்றாள். எனக்குக் கோபம் தீரவில்லை. நோய் இருப்பது உறுதியானதில் எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் அதுவும் எரிச்சலாக இருந்தது.

மாத்திரையில் மூட்டுவலி ஓரளவு குறைந்தது. கண்ணுக்குச் சொட்டு மருந்து நின்றபாடில்லை. அக்காவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். இருவரும் சேர்ந்தே போகிறோம்.

எங்கள் ஊர் டாக்டரிடம் அந்த ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். நிதானமாகப் படித்தார்.

"எனக்கு அப்பவே சந்தேகம் இருந்துதும்மா" என்றார்.