தொட்டியில் கிடந்த தண்டு

அம்மாவுக்கு முட்டி தேய்ந்த பிறகு எங்கள் மாடு மேய்ச்சலுக்குப் போவது நின்றுபோயிற்று. அதுவரை அம்மாதான் குளத்தங்கரைக்கு ஓட்டிப் போவாள். சாரல் விழுந்தால் உரச்சாக்கை முக்காடு போட்டுக்கொள்வாளே தவிர, ஒருநாளும் மாட்டைக் கட்டிப் போட்டதில்லை. அப்பா கேரளாவுக்கு லாரி ஓட்டுகிறவர், வீட்டில் தங்குவது அபூர்வம். எனக்குத் தென்காசியில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. எங்கள் குடும்பத்தில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான் என்பதால், மாட்டு விஷயத்திலும் நான் ஏதாவது யோசிப்பேன் என்று அம்மா எதிர்பார்த்தாள்.

நான் யோசித்தது இதுதான். வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலோரம் தீவனப் புல் ஆளுயரத்துக்கு நின்றது. காலையில் அறுத்துக் கொட்டிலில் போட்டுவிட்டு பஸ் ஏறிவிடலாம். பச்சைப் புல் எங்கே தின்றாலும் பச்சைப் புல்தானே.

கொஞ்ச நாளில் பால் இறங்கியது. மாட்டின் இடுப்பெலும்புக்கு முன்னால் இடப்பக்கம் குழி விழுந்தது. மத்தியானம் படுத்திருக்கும்போது வாய் சும்மா இருந்தது. மாடு அசைபோடவில்லை என்றால் அம்மாவுக்கும் சோறு இறங்காது.

"கோவம்லே அவளுக்கு. கட்டிப் போட்டுட்டோம்லா."

"எம்மா, மாட்டு வயித்துல நாலு அறை இருக்கு. முதல் அறை நெறஞ்சாத்தான் தின்னது திரும்ப வாய்க்கு வரும்."

"நமக்கு வீடே ரெண்டு அறைதான். அவளுக்கு நாலா? அப்ப கோவம் எந்த அறையில இருக்குன்னு பாத்துச் சொல்லு."

கால்நடை டாக்டர் வந்து தொட்டுப் பார்த்தார். நோய் ஒன்றும் இல்லை, வயிறுதான் நிறையவில்லை என்றார். தொட்டியிலோ எந்நேரமும் புல் கிடந்தது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. விஷயம் எப்படியோ தெரிந்து மாட்டுத் தரகர் வந்துவிட்டார்.

"நடக்க முடியாத ஆளுக்கு மாடு எதுக்கு அக்கா? எலும்பு தெரியுததுக்கு முந்தி தள்ளிவிட்ருங்க. அடுத்த வாரம் வண்டியோட வாரேன்."

அம்மா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கன்றாக இருந்ததிலிருந்து அவள் வளர்த்த மாடு.

ஞாயிற்றுக்கிழமை நானே அதைக் குளத்தங்கரைக்கு ஓட்டிப் போனேன். பசி இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். பசி இருந்தது. நாக்கைச் சுழற்றி நுனிப் புல்லை மட்டும் வளைத்துப் பறித்தது, ஒரு எட்டு வைத்தது, அடுத்த நுனியைப் பறித்தது. அடித்தண்டை ஏறிட்டும் பார்க்கவில்லை. அது நடந்து போன வழியெல்லாம் பாதி கடித்த புல் நின்றது. வெயில் ஏறியதும் பூவரச நிழலில் படுத்து, கண்ணைப் பாதி மூடி, அசைபோட ஆரம்பித்தது. தொண்டைக்குக் கீழிருந்து ஒரு உருண்டை மேலேறி வருவது தெரிந்தது.

அப்போதுதான் எங்கள் வீட்டுத் தொட்டி ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் தட்டில் வைத்ததை வழித்துத் தின்னாமல் மறுசோறு கிடையாது. விருந்தாளிக்கும் அதே சட்டம்தான். மாட்டுக்கும் அதையே நடத்தியிருக்கிறோம். காலையில் போட்ட புல்லில் அது இலையை எல்லாம் பொறுக்கித் தின்றுவிடும். விரல் தடிமன் தண்டு மிஞ்சும். அம்மா மத்தியானம் எட்டிப் பார்த்து, "மொதல்ல இத முடிடீ" என்று அதட்டிவிட்டுப் போய்விடுவாள். வெயிலில் சூடேறிய தண்டுக் குவியலுக்கு முன்னால் அது சாயங்காலம் வரை நிற்கும். கட்டிக் கிடக்கிற மாடு அடுத்த புல்லுக்கு எங்கே நடந்து போகும்?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப மிச்சம் வைக்கட்டுங்கியா? தின்னுத பொருள அள்ளிக் கொட்டச் சொல்லுதியா? படிச்சவன் பேசுத பேச்சா இது?"

"குளத்தங்கரையில தெனமும் மிச்சம் வச்சிட்டுத்தான வந்தா? அங்கன நீ திட்டலையே."

அம்மா சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டு கொட்டிலுக்கு வந்தாள். தண்டை எல்லாம் அள்ளிக் கூடையில் போட்டாள். யாரோ பார்த்துவிடுவார்கள் என்பதுபோல மேலே சாக்கைப் போட்டு மூடி, எருக்குழிக்கு என்னைக் கொண்டுபோகச் சொன்னாள்.

மறுநாளிலிருந்து புல்லை இளசாகவே அறுத்தேன். ஒரே குவியலாகப் போடாமல் நிழலில் பரப்பி வைத்துவிட்டுப் போனேன். அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாள். மிஞ்சியதை எடுக்கும்போதெல்லாம் "ராணி வீட்டு விருந்து" என்று முணுமுணுத்தாள். இடப்பக்கக் குழி மெதுவாக மேடேறியது. பால் பழைய அளவுக்கு வரவில்லை, ஆனால் இறங்குவது நின்றது.

தரகர் சொன்னபடியே வண்டியோடு வந்தார். மாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"தேறிட்டுல்லா! இப்ப குடுத்தா நல்ல வெல போகும் அக்கா."

"தேறுன மாட்ட எவன் குடுப்பான்?" என்றாள் அம்மா. "வண்டியத் திருப்புங்க. வண்டிப் பொக கொட்டிலுக்குள்ள வந்து அவ எந்திரிச்சிரப் போறா."