மந்தணக் கோப்பில் ஒரு வரி

'மந்தணம்' என்று எழுதிய ரப்பர் முத்திரை ஒன்று எங்கள் அலுவலகத்தில் இருந்தது. ஊதா மையில் தோய்த்துக் கோப்பின் மேலட்டையில் ஒரு குத்து குத்தினால் போதும், உள்ளே இருப்பதெல்லாம் ரகசியமாகிவிடும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கான மறுவாழ்வு அலுவலகம் அது. கொடைக்கானல் ஏரிக்கு மேலே ஒரு பழைய வாடகை வீட்டில் நடந்தது. எழுபதுகளின் கடைசியில் அங்கே தற்காலிகத் தட்டச்சராகச் சேர்ந்தேன். வயது இருபத்திரண்டு. அப்பா இல்லை, பின்னால் இரண்டு தங்கைகள். அலுவலக விஷயம் எதையும் வெளியே சொல்லமாட்டேன் என்று முதல் நாளே எழுதி வாங்கிக்கொண்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் வேலையை நீட்டித்துக் கையெழுத்துப் போடுபவர் சூப்பிரண்டு. அவர் பேனா ஒருமுறை எழுதாமல் போனால் என் கதை முடிந்தது. மழைக்காலத்தில் கோப்புகளில் பூஞ்சை பூக்கும், அவற்றைத் துடைப்பதும் என் வேலைதான். அப்படித் துடைத்தவற்றில் ஒன்று சிலோன் அக்காவின் கோப்பு.

சிலோன் அக்கா என்று நான்தான் அழைத்தேன். மற்றவர்களுக்கு அவர் சிலோன்காரி. மேல்மலையில் பூண்டுக் காட்டில் கூலிவேலை. மாதம் ஒரு திங்கட்கிழமை வேலையை விட்டுவிட்டு, வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, மரத்தடுப்புக்கு அந்தப்பக்கம் நிற்பார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான். கப்பலேறும் அன்றைக்கு அவருடைய மகளுக்கு அம்மை போட்டிருந்தது. ஏற்றமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அங்கேயே தன் தங்கையிடம் விட்டுவிட்டு, இரண்டு மாதத்தில் அழைத்துக்கொள்ளலாம் என்று நம்பி வந்திருக்கிறார். அழைப்பதற்கு எங்கள் அலுவலகம் ஒரு சான்று எழுதி அனுப்ப வேண்டும். வருஷம் இரண்டாகியும் அது போகவில்லை. “எங்க பைல்ல என்னாம்மா எழுதியிருக்கு? ஒருக்கா படிச்சுக் காட்டுங்களேன்” என்று கேட்பார். சூப்பிரண்டு நிமிராமலே பதில் சொல்வார்: “கேட்டதும் படிச்சுக் காட்டுறதுக்கு இது என்ன கல்யாணப் பத்திரிகையா? வரும், போம்மா.”

கோப்பில் இருந்தது ஒரே ஒரு வரி. இங்கே வந்து இறங்கியபோது முகாமில் விசாரித்து எழுதியது: மூத்த மகள் இறந்துவிட்டதாக மனுதாரரே வாக்குமூலம். அந்த மூத்த மகளின் பெயரில்தான் இப்போது அழைப்புக் கேட்கிறார். படித்தபோது, அடப்பாவி, இப்படியும் ஏமாற்றுவார்களா என்று நானும் நினைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், மந்தண முத்திரை குத்திய அந்த வரி கடைத்தெரு முழுக்கத் தெரியும். எங்கள் பியூன் டீக்கடையில் உட்கார்ந்து, “செத்த புள்ளைக்குக் கப்பல் டிக்கெட்டு கேக்குறா” என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ஊருக்கெல்லாம் தெரிந்தது, அவருக்கு மட்டும்தான் தெரியாது. அவரைக் கண்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

ஒருநாள் சூப்பிரண்டு வரத் தாமதமானது. அக்கா வாசற்படியில் உட்கார்ந்து மகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். காகிதத்தில் பன்னிரண்டு வயது, ஆனால் உண்மையில் பத்துதான் என்றார். அது எப்படி என்று கேட்டேன். “தோட்டத்துல அப்படித்தாம்மா. மூத்தது ஒன்றரை வயசுல வயித்தோட்டத்துல போயிருச்சு. அடுத்தது பொறந்தப்ப டவுனுக்குப் போயி பதிஞ்சா ஒருநாள் பேரு போயிருமே. மூத்தவளோட பொறப்புப் பத்திரத்தையே இவளுக்கும் வச்சுக்கிட்டோம். லயத்து வீடுகள்ல பாதிப் புள்ளைக இப்படித்தான் வளந்துச்சு.” பேர் என்றால் ஒருநாள் கூலி. செத்தவளின் பெயரில்தான் உயிரோடு இருப்பவள் அங்கே காத்துக்கொண்டிருக்கிறாள். அந்த வரியை அன்றே சொல்லியிருக்கலாம். முதல் நாள் எழுதிக் கொடுத்த உறுதிமொழி நினைவுக்கு வந்தது. நான் சொல்லவில்லை.

சொல்லாத பாவத்துக்குப் பரிகாரம்போல, கலெக்டருக்கு ஒரு மனு எழுதி அக்காவிடம் கொடுத்தேன். கோப்பைக் காட்டச் சொல்லுங்கள் என்று, கையெழுத்துத் தெரியாமலிருக்க இடதுகையால் கோணல்மாணலாக எழுதினேன். மூன்று வாரம் கழித்து அந்த மனு எங்கே வந்தது தெரியுமா? எங்கள் அலுவலகத்துக்கே, 'அறிக்கை அனுப்புக' என்ற குறிப்போடு. யார்மேல் புகாரோ அவரிடமே விளக்கம்! சூப்பிரண்டு சொல்லச் சொல்லத் தட்டினேன்: “மனுதாரரின் கோப்பு பரிசீலனையில் உள்ளது.” என் மனுவுக்கு என் விரலாலேயே பதில். எந்தக் கதவைத் தட்டினாலும் சூப்பிரண்டின் மேஜைதான் முன்னால் வந்து நின்றது.

அதற்குமேல் தாங்கவில்லை. அடுத்த திங்களன்று பஸ் ஸ்டாண்டில் அக்காவைத் தனியாக அழைத்து அந்த வரியைச் சொல்லிவிட்டேன். பூண்டு வாடையடிக்கும் கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “நானாம்மா சொன்னேன்? என் வாயாலயா?” பிறகு, “எத்தன பெத்தே, எத்தன செத்துச்சுன்னு கேட்டாங்க. பேரு என்னான்னும் கேட்டாங்க. அவளும் எம்புள்ளதானம்மா, எண்ணாம எப்படி விடுறது?” என்றார்.

அன்றே திரும்பி வந்து சூப்பிரண்டிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சூப்பிரண்டு கெட்டவர் இல்லை. கேட்டுவிட்டு அவரும் தலையைப் பிடித்துக்கொண்டார். “மூத்தது செத்துருச்சுன்னா பத்திரம் பொய். சாகலைன்னா வாக்குமூலம் பொய். எதை நம்பி நான் கையெழுத்துப் போடுவேன்? மேல கேட்டா என் வேலை போயிரும்மா.” அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. “ஆமா, பைல்ல இருக்கிறது உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?” நான் தட்டச்சு இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. “டீக்கடையில பேசிக்கிட்டாங்க தொரை.” பியூனின் முகம் செத்துவிட்டது. என் வேலை பிழைத்தது.

இன்றைக்குச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதிக் கேட்டால் முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். மறுத்தால், அந்த அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாத ஓர் ஆணையம் இருக்கிறது. கோப்பை எடுத்து வா என்று அதிகாரியைக் கூப்பிட்டுக் கேட்கும். இன்னொருத்தரின் சொந்த விஷயத்தை ஊருக்குக் காட்டாதே என்றும் அதுவே சொல்லும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அந்த மனுக்களை நான் எழுதிக் கொடுக்கிறேன். ஆணையம் வரைக்கும் போய் வருஷக்கணக்கில் இழுபடுவதும் உண்டு. இருந்தாலும் போவதற்கு வெளியே ஓர் இடம் இருக்கிறதே என்று ஒவ்வொரு முறையும் பொறாமையாக இருக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் இலங்கையில் கலவரம் மூண்டது. பிறகு கப்பலும் நின்றுபோனது, அக்காவுக்கு அவர் தங்கையிடமிருந்து வந்துகொண்டிருந்த கடிதமும் நின்றது. அதற்குப் பின்பு ஒருநாள் அக்கா வந்தார். நான் மட்டும்தான் இருந்தேன். சான்று கேட்கவில்லை. “அவ வரும்போது வரட்டும்மா. உசுரோட இருக்கிறவள செத்துட்டான்னு எழுதி வச்சிருக்கீகளே, அந்த ஒரு வரிய மட்டும் அடிச்சு விட்டுருங்க. ராத்திரியில கண்ண மூட முடியல” என்றார்.

அப்போது என் வேலை நிரந்தரமாகியிருந்தது. நிரந்தரமானால் தைரியம் வரும் என்றுதான் நினைத்திருந்தேன். வரவில்லை. கோப்பில் கைவைத்தால் வேலையும் போகும், வழக்கும் வரும். உள்ளே போய்க் கோப்பை எடுத்தேன். அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். பேனா மூடியைக்கூடக் கழற்றவில்லை. கட்டி வைத்துவிட்டு வெளியே வந்து, “அடிச்சாச்சுக்கா” என்றேன்.

“நல்லா அடிச்சிட்டீங்களாம்மா? எழுத்தே தெரியாம?”

“தெரியாம அடிச்சுட்டேன்.”

இரண்டு கைகளையும் எடுத்துக் கும்பிட்டார். நல்லா இருப்பீங்க என்றார். அவரால் அந்தக் கோப்பை ஒருநாளும் பார்க்க முடியாது என்ற தைரியத்தில்தான் அப்படிச் சொன்னேன்.